வளையத்துக்குள் நின்ற சூரன்

மூங்கிலாற்றுப் புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துவந்தன. வாரத்துக்கு ஒரு மானைப் புலி தூக்கிக்கொண்டு போனது. பொறுக்க முடியாமல் அவை மலைக்குப் போய்க் காட்டெருமைகளைக் காவலுக்கு அழைத்தன.

"வர்றோம்!" என்றது எருமைத் தலைவி கொம்பாயி. "ஆனா ஒண்ணு. எங்க ஆளு தப்புப் பண்ணினா நாங்கதான் விசாரிப்போம். நீங்க தலையிடக் கூடாது!"

"ஆகட்டும், ஆகட்டும்!" என்றது கிழமான் கலையப்பன். புலி பயத்தில் இருந்த அதற்கு யோசிக்க நேரம் ஏது?

எருமைகள் வந்தன. புலி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், காவல் நல்ல காவல்தான்.

புல்வெளியின் கிழக்கு ஓரத்தில் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. தாய்மான்கள் குட்டிகளை அதற்குள் படுக்க வைத்து, "என்ன ஆனாலும் அசையாதே!" என்று சொல்லிவிட்டு மேயப் போகும். அங்கே கால் வைக்கக் கூடாது என்று எருமைகளிடமும் சொல்லியிருந்தன.

ஒருநாள் காலை சூரன் என்ற இளங்காளை இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றது. போதை தலைக்கேறியது. குதியாட்டம் போட்டுக்கொண்டு நேரே கோரைக்குள் ஓடியது. அங்கே செம்பி என்ற மானின் குட்டி படுத்திருந்தது. பாவம், அம்மா சொன்னபடி அசையாமலே கிடந்தது. மிதிபட்டுச் செத்தது.

தூரத்தில் மேய்ந்தபடி அதைப் பார்த்துவிட்ட செம்பி எருமைகளிடம் ஓடியது. "அந்தச் சூரனை வெளியே அனுப்புங்க! எங்க எல்லார் முன்னாடியும் நின்னு பதில் சொல்லட்டும்!"

தங்களில் ஒன்றுக்கு ஆபத்து என்றால், அதை நடுவில் விட்டு, கொம்புகளை வெளியே நீட்டி வளையமாக நிற்பது எருமைகளின் வழக்கம். அன்றும் அப்படியே நின்றன. நடுவில் சூரன். எதிரே ஒற்றைத் தாய்மான்! புலிக்குப் போடுகிற வளையத்தை, புத்தி கெட்டதுகள், செம்பிக்குப் போட்டன.

"பேச்சை மறந்துட்டியா? நாங்க மலைக்குக் கூட்டிப்போய் விசாரிச்சுக்குறோம்!" என்றது கொம்பாயி.

மலையில் என்ன விசாரணை நடந்தது தெரியுமா? எருமைகள் ஆசையாக நக்கும் உப்புமண்ணை ஒரு நாள் முழுக்கச் சூரன் நக்கக் கூடாதாம். அவ்வளவுதான்!

"விடும்மா," என்றது கலையப்பன். "அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா புலி வந்துடும்."

"புலி கொன்னா கேக்க நாதியில்ல. காவல்காரன் கொன்னாலும் நாதியில்லையா, பெரியப்பா? அப்புறம் எதுக்கு இந்தக் காவல்?"

மறுநாளே மான்கள் குட்டிகளோடு பாறைச் சரிவுக்குக் குடிபோயின.

"போகட்டும், புல்லு மிச்சம்!" என்று எருமைகள் சிரித்தன. புலியை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பது மான்கள்தான் என்பது அவற்றுக்கு உறைக்கவில்லை. பத்தாம் நாள் புலி வந்தது. குரல் கொடுக்க யாரும் இல்லை. எருமைகள் ஒன்றுகூடுவதற்குள் கொம்பாயியின் கன்று போய்விட்டது.

கொம்பாயி அலறிக்கொண்டு சரிவுக்கு ஓடியது. "ஏண்டி செம்பி, ஏன் சத்தம் போடல?"

"நான் அங்க இல்லையே அக்கா. புலிக்குப் பயந்து உங்களைக் கூப்பிட்டோம். உங்களுக்குப் பயந்து இங்க வந்துட்டோம்."

"ஐயோ, என் கன்னுக்குட்டியைக் கொன்னவன் எங்க இருக்கானோ! பிடிச்சு நிறுத்தி ஏன்டான்னு கேக்க முடியலையே!" என்று கொம்பாயி கதறியது. சொல்லும்போதே அதற்குச் சுருக்கென்றது. செம்பியின் குட்டியைக் கொன்றவன் இருக்கும் இடம் அதற்கு நன்றாகத் தெரியும்.

அன்றே சூரனைத் தானே கூட்டிவந்து மான்களின் நடுவே நிறுத்தியது. வளையம் கட்ட வந்த எருமைகளை, "தள்ளிப் போங்க!" என்று அதட்டியது.

சூரன் தலை குனிந்தது. "கோரைக்குள்ள போகக் கூடாதுன்னு தெரியும். குட்டி கத்துனதும் கேட்டுச்சு. பயந்து ஓடிட்டேன்."

அந்தக் காளை இனி மலையிலேயே கிடக்க வேண்டும், மூங்கிலாற்றைத் தாண்டி வரக் கூடாது என்று மான்களும் எருமைகளும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லின. செம்பி மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி யாரும் கேட்கவும் இல்லை. பாதி மான்கள்தான் புல்வெளிக்குத் திரும்பின. மற்றவற்றுக்கு நம்பிக்கை வர இன்னும் நாளாகும்.

காக்க வந்தவர்கள் தங்கள் ஆளின் குற்றத்தை மறைத்தால், அவர்களுடைய காவலை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.