கத்தியவர்மேல் தப்பு

தாமரைக்குளத்துக் கரையில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. ஆலமரத்தடியில் வகுப்பு, புதர்களுக்குள் விடுதி. சுற்றியிருந்த நான்கு காடுகளின் இளவட்டங்களும் அங்கே வந்து படித்தார்கள். படித்தார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார்கள் என்பதே சரி.

சாயங்காலம் ஆனால் கூடைப்பந்து. பக்கத்துக்கு மூன்று பேர். தூக்கணாங்குருவிகள் பின்னிக் கொடுத்த அடியில்லாத கூடை ஒன்று ஆலங்கிளையில் தொங்கும். காய்ந்த விளாங்காய்தான் பந்து. அது கூடைக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. முதலில் பதினொரு புள்ளி எடுக்கும் அணி ஜெயித்த அணி.

நடுவர் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. ஆட்டத்தில் அடிபட்டவர் "தப்பு!" என்று கூவுவார். உடனே பந்தை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பொய்யாகக் கூவியவரும் இல்லை. பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டத்தில் எவன் பொய் சொல்வான்?

இந்தக் கூட்டத்தில் முள்ளம்பன்றி ஈட்டியப்பனும் இருந்தான். ஆடத் தெரியாது, ஆசை மட்டும் உண்டு. அவன் எறிந்த பந்து கூடைக்குப் போன நாள் ஒன்றுகூட இல்லை. அவன் உரசிவிட்டுப் போன இடமெல்லாம் "தப்பு! தப்பு!" என்ற கூவல்தான் கேட்கும். "இவனுங்களுக்கெல்லாம் என்மேல பொறாமை" என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான்.

பங்குனி பிறந்தது. வெயில் தகித்தது. கல்லூரி முதல்வர் யானையம்மா எல்லோரையும் கூப்பிட்டு ஓர் அறிவிப்பு செய்தார்.

"பிள்ளைகளா! இந்த வருஷம் முறையா ஒரு போட்டி வெச்சுடுவோம். ஜெயிக்கிற மூணு பேருக்கும் கோடை முழுக்க மதகடிப் பொந்து!"

எல்லோரும் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். குளத்து மதகின் அடியில் இருந்த அந்தப் பொந்தில் சித்திரையிலும் தண்ணீர் கசியும், மண் சில்லென்று இருக்கும். ஈட்டியப்பனுக்கு அன்று ராத்தூக்கம் போயிற்று. முள் உடம்புக்கு வெயில் ஆகாது. போன கோடையில் பாறை இடுக்கில் கிடந்து அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். எப்படியாவது அந்தப் பொந்து வேண்டும். ஆடி ஜெயிக்க முடியாது என்பதும் அவனுக்கு உள்ளூரத் தெரியும்.

விடிந்ததும் யானையம்மா முன்னால் போய் நின்றான்.

"அம்மா! போட்டின்னு வந்துட்டா விதி வேணாமா? ஆளாளுக்குத் தப்பு தப்புன்னு கூவிட்டிருந்தா கல்லூரி மானம் என்ன ஆகுறது?"

யானையம்மாவுக்குக் கரும்பு தின்கிற நேரம். "நீயே எழுதிட்டு வா. மிதிச்சு முத்திரை வெச்சுடறேன்" என்றார்.

இப்படித்தான், பந்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஒருவன் விதிக்குழுத் தலைவர் ஆனான். குழுவில் வேறு யாரும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து, தன் முள் ஒன்றையே எழுத்தாணியாக்கி, வாழை இலையில் முப்பத்திரண்டு விதி கீறினான். மான் மூன்றடிக்கு மேல் தாவக் கூடாது. நீர்நாய் ஈர உடம்போடு ஆட வரக் கூடாது. கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசிக்கக் கூடாது. முள்ளம்பன்றியைப் பற்றி எந்த விதியும் இல்லை. அதுதான் நடுநிலை என்று அவன் நினைத்தான்.

நடுவில் மூன்று விதிகளை மட்டும் பொடியாக எழுதியிருந்தான். பெயர் கொடுத்த மூன்று பேரில் ஒருவர் குறைந்தாலும் அந்த அணி தோற்றது. தரையில் விழுந்த முள்ளைப் பொறுக்க ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஆட்டத்தின்போது வலியால் கத்துகிறவர் தானாகப் போய் மோதியவராகவே கருதப்படுவார், தப்பு அவர்மேல், எதிரணிக்கு ஒரு புள்ளி.

யானையம்மா படிக்கவில்லை. மிதித்து முத்திரை வைத்துவிட்டார். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம் ஏது?

ஈட்டியப்பன் அணியில் முயல் துள்ளாயியும் கீரி மாடப்பனும் சேர்ந்தார்கள். துள்ளாயி நன்றாக எறிவாள். அவளுக்கும் போன வருஷம் வெயிலில் காது கருகியிருந்தது. பொந்து கிடைத்தால் தேவலை என்றுதான் வந்தாள்.

முதல் ஆட்டம் காட்டெருமைக் கன்றுகளோடு. ஈட்டியப்பன் பந்தைத் தொடவே இல்லை. எதிரே நின்ற கன்றின் விலாவில் போய்ச் சாய்ந்தான்.

"அம்மாடி!" என்று கன்று அலறியது.

"கத்துன! தப்பு உன்மேல! எங்களுக்கு ஒரு புள்ளி!"

"அடப்பாவி! குத்துனது நீ, தப்பு எம்மேலயா?"

"விதியைப் படிச்சுட்டுப் பேசு!"

ஐந்து புள்ளிகள் இப்படி வந்தன. பிறகு ஒரு கன்று விலாவில் ஏழு முள்ளோடு நொண்டி வெளியேறியது. ஆள் குறைந்ததால் அந்த அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் நரிகள், அதற்கடுத்த ஆட்டத்தில் மந்திகள். எல்லோருக்கும் இதே கதிதான். மந்திகள் கத்தாமல் இருக்க வாயில் தாமரைத்தண்டைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். நாலாவது குத்தில் தண்டும் போச்சு, மானமும் போச்சு.

மூன்று ஆட்டத்தில் ஈட்டியப்பன் கூடைக்குள் ஒரு பந்துகூடப் போடவில்லை. ஆனால் அவன் நடையைப் பார்க்க வேண்டுமே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளக்கரையைச் சுற்றி வந்தான். "ஆட்டம்ங்கிறது உடம்புல இல்ல, மூளையில இருக்கு" என்று போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திப் பாடம் எடுத்தான்.

துள்ளாயிதான் ஒரு நாள் தயங்கித் தயங்கிப் பேசினாள். "அண்ணே, பந்தை எடுக்க உங்க பக்கத்துல வந்தா எனக்கும் குத்துதுண்ணே. இங்க பாருங்க, தோள்ல ரெண்டு, தொடையில மூணு."

"பல்லைக் கடிச்சுக்க! நீ கத்தினா புள்ளி அவங்களுக்குப் போயிடும். பொந்து வேணுமா வேணாமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி மாடப்பன்தான் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டான். ஈட்டியப்பன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் குறட்டை மட்டும் கேட்டது.

இறுதி ஆட்டம் வந்தது. எதிரே மான் பொன்னுரங்கம், நீர்நாய் கெண்டையன், கொக்கு வெள்ளைச்சாமி. கல்லூரியே கரையில் கூடியிருந்தது. யானையம்மா முதல் வரிசையில் கரும்போடு உட்கார்ந்திருந்தார்.

பொன்னுரங்கம் தன் ஆட்களிடம் ஒரே ஒரு யோசனை சொன்னான். "அவன் கிட்டயே போகாதீங்க. பந்தை அவனே வெச்சுக்கட்டும். எறியட்டும், பார்ப்போம்!"

ஆட்டம் தொடங்கியது. ஈட்டியப்பன் சாய்ந்தான், எதிரணி விலகியது. துரத்தினான், இன்னும் விலகியது. கடைசியில் கையில் பந்து, எதிரே கூடை, குறுக்கே ஒருவரும் இல்லை. விதிக்குழுத் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது.

எறிந்தான். பந்து குளத்தில் விழுந்தது.

மறுபடி எறிந்தான். யானையம்மாவின் நெற்றியில் பட்டது.

கரையில் சிரிப்பு வெடித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஈட்டியப்பன் ஆத்திரத்தில் உடம்பை உதறினான். உதறிய ஒவ்வொரு முறையும் நாலைந்து முள் தரையில் உதிர்ந்தது. பொறுக்க ஆட்டத்தை நிறுத்த முடியாது, விதி அப்படி. எல்லோரும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. தன் முள் தன்னை என்ன செய்யும் என்ற தைரியம்.

அவன் விட்டதையெல்லாம் துள்ளாயி ஓடி ஓடி எடுத்துப் போட்டாள். அந்தச் சின்ன உடம்பு எங்கிருந்து அத்தனை பலத்தைக் கொண்டுவந்ததோ! பொன்னுரங்கத்தின் அணியும் சளைக்காமல் போட்டது. பத்துக்குப் பத்து என்று வந்து நின்றது. பந்து ஈட்டியப்பன் கையில் இருந்தது.

"அண்ணே! இங்க! எங்கிட்டக் குடுங்க!" கூடைக்கு நேர் கீழே துள்ளாயி தனியாக நின்று கூவினாள். அவள் எறிந்தால் விழுந்துவிடும். அவனுக்கும் அது தெரியும்.

கடைசிப் புள்ளியை ஒரு முயல் போட்டது என்று நாளைக்கு ஊர் பேசுமே! ஈட்டியப்பன் பந்தைக் கொடுக்கவில்லை. கூடையை நோக்கி அவனே ஓடினான். வழியில் நின்ற துள்ளாயியைச் சுழன்று இடித்துத் தள்ளினான். அவள் கழுத்தில் மூன்று முள் இறங்கியது. கண்ணில் நீர் குபுக்கென்று வந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஈட்டியப்பன் எம்பப் பார்த்தான். எறிவதற்காகக் காலை ஊன்றினான். தரையில் நட்டுக்கொண்டு நின்ற அவனுடைய முள்ளே அவன் உள்ளங்காலில் ஏறியது.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

குளத்தின் அக்கரை வரைக்கும் கேட்டது அந்தக் கத்தல். பந்து கையிலிருந்து நழுவி உருண்டது.

முதலில் பேசியது துள்ளாயி. கழுத்தில் முள்ளோடு மெதுவாக எழுந்து நின்றாள்.

"தலைவரே, கத்தினது நீங்க. தப்பு உங்கமேல. புள்ளி அவங்களுக்கு" என்றாள்.

"பதினொண்ணு!" என்று கொக்கு வெள்ளைச்சாமி கூவினான்.

"இல்ல! இல்ல! இது செல்லாது!" ஈட்டியப்பன் ஒற்றைக்காலில் குதித்தான். "என்னை யாரும் மோதலையே! அந்த விதி மத்தவங்களுக்கு! அம்மா, நீங்க சொல்லுங்கம்மா! எனக்கு வலிக்குதும்மா!"

யானையம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வாழை இலையைக் கையில் எடுத்துப் படித்தார். வெட்கத்தில் அவர் காது இரண்டும் தொங்கிப் போயிற்று.

"வலியால கத்துகிறவர்னு எழுதியிருக்கு. யாருடைய வலின்னு எழுதலையேப்பா" என்றார். "எழுதினது நீ. நான் முத்திரை மட்டுந்தான் வெச்சேன், அந்தப் புத்திகெட்ட வேலைக்கு நானும் வெட்கப்படுறேன். போ, காலைப் பார்த்துக்க."

முள்ளைப் பிடுங்கிவிட யாராவது வருவார்களா என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். காட்டெருமைக் கன்று விலாவைத் தடவிக்கொண்டது. மந்திகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாடப்பன் துள்ளாயியின் கழுத்து முள்ளைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான். பொன்னுரங்கம் அவர்களிடம் வந்து, "பொந்து பெரிசுதான். நீங்க ரெண்டு பேரும் எங்களோடயே வந்துடுங்க" என்றான்.

கோடை முழுக்க ஈட்டியப்பன் சுடுகிற பாறை இடுக்கில் காலை நக்கிக்கொண்டு கிடந்தான். ஐயோ என்று அவன் முனகும்போதெல்லாம், அந்த வழியாகப் போகிற ஏதாவது ஒரு குட்டி நின்று, "கத்துன! தப்பு உன்மேல!" என்று சொல்லிவிட்டு ஓடியது.

அடுத்தவரை நோகடித்துவிட்டு அவர் வாயையும் அடைக்க விதி எழுதுகிறவனுக்கு, தனக்கு வலிக்கும் நாளில் அழுவதற்கும் உரிமை இருக்காது.