காலி இடம்

நூல் மில் மேனேஜர் தண்டபாணிக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. மில் இயந்திரங்களை இயக்கத் தயாராகும் கன்ட்ரோல் பேனல் பெட்டியைப் பார்க்க கோவை கணபதியில் இருந்த பட்டறைக்கு வந்தவர், பெட்டியைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தார். உள்ளே கருவிகளை மாட்டும் இரும்புப் பட்டையில், மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளைகளைத் தள்ளித் தள்ளி மாட்டியிருந்தாள் ஒயரிங் வேலை பார்க்கும் வளர்மதி.

"நடுவுல எதுக்கும்மா இவ்வளவு காலி?"

"சூடு வெளியே போகணுங்க சார்."

"எனக்கே பாடமா? காலி இடம்னா வீண். எல்லாத்தையும் ஒட்டி மாட்டு. பாதிப் பெட்டியில அடங்கணும், சூடும் ஆகக்கூடாது. முடியாதுன்னா ஆர்டர் கேன்சல்!"

பட்டறை முதலாளிக்கு முகம் வெளிறிப்போனது. வளர்மதியோ சிரித்தாள். "செஞ்சிரலாங்க சார். பெட்டி வைக்கிற இடத்தைப் பார்க்கணும், உங்க கார்லயே வந்துடறோம்."

தண்டபாணி பின்சீட்டில் ஒய்யாரமாகச் சாய்ந்தார். முன்னால் ஏறிய வளர்மதி கண்ணைக் காட்ட, மலை மாதிரி இருந்த பட்டறை ஃபிட்டர்கள் மூன்று பேர் இரண்டு பக்கமும் ஏறி அவரை நடுவில் நசுக்கினார்கள்.

"என்னம்மா இது?"

"காலி இடம் வீணாகக்கூடாதுங்களே சார்."

காந்திபுரம் வருவதற்குள், ஏசி ஓடியும் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. "வண்டியை நிறுத்து! மூச்சு முட்டுது!" என்று டிரைவரிடம் கத்தினார்.

வளர்மதி திரும்பினாள். "உங்களுக்கு வாயிருக்கு, கத்துறீங்க. பவர் சப்ளைக்கு வாயில்லீங்க சார். சொல்லாம கொள்ளாம நின்னுரும், கூடவே மில்லும் நின்னுரும்."

"இறங்குங்கய்யா எல்லாரும்!"

ஒரு ஃபிட்டர் தயங்கினார். "இறங்கினா சீட்டு காலியாப் போயிருங்களே?"

"போகட்டும்யா! பெட்டியும் அப்படியே இருக்கட்டும்!"