உள்ளே எவருமில்லை

வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினால் நியாயம் நொண்டும். நாற்பது வருடம் துண்டறிக்கை எழுதித் தணிகாசலம் கற்ற பாடம் அது. ஆகவே வரிசைப்படியே சொல்ல வேண்டும்.

முதலாவது, மூங்கில்கோம்பையை வனப்பூங்கா ஆக்கியபோது அங்கே குடியிருந்த இருளர்களை அடிவாரத்துக்கு இறக்கினார்கள். இரண்டாவது, அவர்கள் கால் பட்டு உண்டான தடத்தில் பலகை நட்டு, மலையேற்றப் பாதை என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது, அதே தடத்துக்கு அவர்களையே வழிகாட்டிகளாக வைத்துக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். சட்டையில் பெயர் இல்லை. நான்காவது, வாசல் பட்டியல். கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர் அத்தனை பேரையும் நோட்டில் எழுதித்தான் உள்ளே விடுவார்கள். திரும்பும்போது ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். பெயருக்கு உரியவர் ‘வந்தாச்சு’ என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். முடிந்ததும் ‘உள்ளே எவருமில்லை’ என்ற வரியின் கீழே காவலரும், வந்தவர்களில் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடுவார்கள். பிறகுதான் பூட்டு. அந்த நோட்டில் வழிகாட்டியின் பெயர் மட்டும் ஏறாது.

ஐந்தாவது, நான்காவது பெற்ற பிள்ளை. போன ஐப்பசியில் யாரோ மறந்துவிட்டு வந்த கேமராவை எடுக்க, வழிகாட்டி பொம்மன் திரும்பி ஓடினான். பட்டியல் படித்தார்கள், பூட்டினார்கள், ஜீப் போய்விட்டது. பாறை இடுக்கில் கால் முறிந்து இரண்டு நாள் கிடந்தான் பொம்மன். தேடச் சொல்லிக் கெஞ்சிய அவன் அக்கா மருதியிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள்: “பட்டியல் சரியாத்தானே முடிஞ்சிருக்கு?”

பொம்மன் பிழைத்தான். கால் பிழைக்கவில்லை.

செய்தி கேட்டு அடிவாரத்துக்கு வந்தார் தணிகாசலம். மில் சங்கத்துக்காரர், அறுபத்து நான்கு வயது, ஏழு முறை சிறை. வந்த அன்றே பதினொரு கோரிக்கைகளோடு ஒரு துண்டறிக்கை எழுதி, மருதிக்குப் படித்துக் காட்டினார். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவளும் வழிகாட்டிதான்.

“நல்லா இருக்கு தோழர். காட்டுல நடந்திருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப கூடாரப் பையைத் தூக்கிட்டு என் பின்னாடி வாங்க.”

ஊரெல்லாம் சீடர்களை வைத்திருந்தவர் இப்படித்தான் சீடரானார். கேலியாக அவளைக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் முகாமில் வறண்ட ஓடையின் மணலில் சொகுசாகக் கூடாரம் அடித்தார். மருதி முளைகளைப் பிடுங்கி மேட்டில் அடித்தாள். “வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே” என்றார். “இங்க துடைச்சிருக்கு. அங்க?” என்று மேலே மலையைக் காட்டினாள். விடியும்போது ஓடையில் முழங்கால் தண்ணீர். அதன் பிறகு குருவே என்பதில் கேலி குறைந்துவிட்டது.

தை மாதத்தில் மூன்றாவது முகாம். இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். திருப்பூர்ப் பல் டாக்டர் ரெஹானா ஓடையைக் கடக்கப் பயந்து கரையிலேயே அரை மணி நேரம் நின்றார். மருதி தண்ணீரில் இறங்கி நின்று தோளைக் கொடுத்தாள். பிறகு அந்த அம்மாள் மூன்று நாளும் மருதியின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக்கு முந்தின சாயங்காலம், அடுப்படியில் தணிகாசலம் கேட்டார்.

“குருவே, மூணு மனு கொடுத்தாச்சு, பதில் இல்லை. மறியல் வேண்டாம்ங்கற. முழக்கம் போட்டா யானை மெரளும்ங்கற. கேக்காத காதை எப்படித்தான் திறக்கறது?”

மருதி சாம்பாரில் உப்புப் போட்டாள். “போன தடவை வாசல்ல உங்க பேரைப் படிச்சாங்களே, என்ன சொன்னீங்க?”

“வந்தாச்சுன்னேன்.”

“சத்தமாவா?”

“கோர்ட்டுல சொல்ற மாதிரி.”

“அப்ப நான் எங்க நின்னேன்?”

தடியடி நடத்திய போலீஸ்காரர்களின் முகத்தையெல்லாம் முப்பது வருடம் கழித்தும் அடையாளம் சொல்கிறவர் அவர். இது நினைவுக்கு வரவில்லை.

“வெளிய நின்னேன், கேட்டைப் பிடிச்சுட்டு. நாங்க எல்லாருமே அப்படித்தான். விருந்தாளிக்குக் கதவு திறந்து விடற மரியாதை. பட்டியல் படிக்கறதுக்கு முன்னாடியே தாண்டி நின்னுக்குவோம்.”

“அதுக்கென்ன?”

“சாம்பார் கொதிக்குது. தட்டை எடுத்து வைங்க.”

மறுநாள் மாலை ஐந்தரை மணி. காவலர் குப்புராஜ் வாசலில் நோட்டோடு நின்றார். பொல்லாத மனிதர் அல்ல. நோட்டில் இருப்பதை மட்டும் பார்த்துப் பழகியவர். பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருபத்தொன்பதாவது, தணிகாசலம். வெளியூர்க்காரர், அடையாள அட்டை உள்ளவர், ஆகவே பட்டியலில் இருக்கிறவர். வாயைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். மருதி வாசலுக்கு நாலடி உள்ளே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

“போங்க தோழர். உங்க பேருதான் இருக்குதே.”

வந்தாச்சு என்றார். அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

“வா அம்மிணி, யானை எறங்கற நேரம்” என்றார் குப்புராஜ்.

“நீங்க பூட்டிக்குங்க சார்.”

“உன்னை உள்ள வெச்சா?”

“பட்டியல் முடிஞ்சிருச்சுங்களே?”

“முடிஞ்சிருச்சு. அதுக்கு?”

“அப்ப உள்ளே எவருமில்லைங்க. கையெழுத்தைப் போடுங்க.”

முகாம்காரர்கள் சிரித்தார்கள். குப்புராஜும் சிரித்துக்கொண்டே நோட்டை ரெஹானாவிடம் நீட்டினார். “சாட்சிக் கையெழுத்துங்க மேடம்.”

ரெஹானா அந்த வரியைப் படித்தார். உள்ளே பார்த்தார். மறுபடி படித்தார். “அவங்க உக்காந்திருக்காங்களே?”

“அவங்க ஸ்டாஃப் மாதிரிங்க மேடம்.”

“மாதிரின்னா?”

குப்புராஜ் அடுத்தவரிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கடுத்தவரும். “டாக்டரம்மா போடாத கையெழுத்தை நாங்க போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் ஒருவர். சிரிப்பு நின்றுவிட்டது.

தணிகாசலத்தின் தொண்டைக்கு ஒரு முழக்கம் ஏறி வந்தது. மருதி ஒரு பார்வை பார்த்தாள். முழுங்கினார். மூவாயிரம் பேர் மறியலை நடத்தியவர் அவர். இருபத்தெட்டுப் பேர் சும்மா நின்று ஒரு பூட்டை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தார்.

“சரி, வழிகாட்டி ஒருவர்னு எழுதிக்கறேன். வா” என்றார் குப்புராஜ்.

“போன ஐப்பசிலயும் ஒருத்தன் உள்ள இருந்தான் சார். அவனுக்குப் பேர் இருந்துச்சு.”

குப்புராஜ் வாக்கிடாக்கியை எடுத்தார். மேலதிகாரியின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“இன்னும் ஏன் பூட்டலை? உள்ள யாரு?”

“பட்டியல்படி யாருமில்லைங்கய்யா.”

“அப்புறம் என்ன?”

“ஒரு ஆள் உக்காந்திருக்குதுங்கய்யா. சாட்சி கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க.”

வாக்கிடாக்கி கரகரத்தது. பிறகு குரல் வந்தது.

“எழுதித் தொலைய்யா. இனி உள்ள போற வழிகாட்டி எல்லாரையும் எழுது.”

குப்புராஜ் பேனாவைத் திறந்தார். பத்து வருடமாக அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர், முதல் தடவையாகக் கேட்டார்: “அப்பா பேர் என்ன அம்மிணி?”

சொன்னாள். எழுதினார்.

தணிகாசலம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. “ஜெயிச்சாச்சு குருவே. எந்திரி.”

மருதி அசையவில்லை.

“எழுதினது நோட்டுக்குள்ளதானே இருக்குது, தோழர். படிக்கச் சொல்லுங்க.”

சீடர் காவலரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு முகங்களும் திரும்பின. குப்புராஜ் தொண்டையைச் செருமி, நோட்டை உயர்த்திப் பிடித்து, மற்றவர்களுக்குப் படித்த அதே குரலில் படித்தார்:

“மருதி. ரங்கன் மகள். வழிகாட்டி.”