மேஜருக்கு முன்னால் வந்தவர்கள்

"மேஜர் ஐயா ஓட்டமெல்லாம் காகிதத்துலதான்" என்று குமாஸ்தா கிசுகிசுத்தது, முகாம் சமையற்காரர் இசக்கியின் காதில் விழுந்தது.

மறுநாள் அணிவகுப்பில் மேஜர் அவர்மேல் எரிந்து விழுந்தார். "உன் சாப்பாட்டாலதான்யா இவனுங்க அஞ்சு கிலோமீட்டர் ஓடத் திணறுறானுங்க. இருபத்தஞ்சு நிமிஷத்துல எல்லாரும் தேறலேன்னா உனக்கு லீவு கிடையாது!"

ஞாயிறன்று இசக்கியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குழந்தைக்குக் காது குத்துவார்கள்?

இசக்கி தலையைச் சொறிந்தார். "ஐயா எத்தனை நிமிஷத்துல ஓடுவீங்க?"

"இருபத்தஞ்சு! ரெக்கார்டைப் பாரு!"

"அப்ப நீங்களும் ஓடுங்கய்யா. உங்களுக்கு முன்னால வர்றவனுக்கு லீவுன்னு சொல்லுங்க, பறப்பானுங்க."

பட்டாளமே கேட்டுக்கொண்டிருந்ததால் மேஜரால் மறுக்க முடியவில்லை.

இருபத்துநான்காவது நிமிடத்தில் கடைசி ஜவானும் வந்து சேர்ந்தான். மேஜரை மட்டும் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர், இசக்கியின் குனிந்த முதுகில் லீவுத் தாளை வைத்து, மூச்சிரைக்கக் கையெழுத்துப் போட்டார்.