எருமைக்குப் பிடித்த வெண்கொற்றக்குடை

பனங்குளம் என்று ஒரு குட்டிச் சமஸ்தானம். காலையில் நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அதை ஆண்ட சொக்கலிங்க பூபதிக்கு இருந்த இசைப் பித்தை ஏழு சமஸ்தானங்களுக்குப் பங்கு போடலாம். யாராவது ஒரு ராகத்தை இழுத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

அந்த நாட்டில் வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போனது. முன்பெல்லாம் அக்கினி நட்சத்திரத்தில் வற்றிய ஏரி, இப்போது மாசியிலேயே வெடித்துக் கிடந்தது. காட்டை அழித்ததால் மழை போயிற்று, மழை போனதால் சூடு ஏறிற்று என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மகாராஜா மிகவும் வருந்தினார். வருந்தி, ஓர் இசைவிழா நடத்த முடிவு செய்தார்.

பூமியைக் குளிர்விக்கும் கோடை இசைவிழா. பாடுகிறவர்கள் மரங்களைப் பற்றியே பாட வேண்டும். கேட்கிறவர்கள் மரங்களைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். நல்ல எண்ணம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பந்தல் போடும் பொறுப்பு பிரதானி நல்லசிவத்திடம் போனது. வந்தது வினை. விருந்தாளிகள் வெயிலில் வாடக்கூடாதே என்று, ஏரிக்கரையில் நின்ற முந்நூறு பூவரச மரங்களையும் வெட்டிப் பந்தல்கால் ஆக்க அவர் திட்டம் போட்டார். மகாராஜாவும் தலையாட்டினார். விழாவை எதிர்த்துப் பேசுகிறவன் பூமிக்கே துரோகி, அவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று தண்டோராவும் போட்டாயிற்று.

ஏரிக்கரையில் எருமை வளர்த்து மோர் விற்கிற வெள்ளச்சிக்குச் சேதி எட்டியது. சபையில் மகாராஜாவைச் சிரிக்க வைக்கிற அம்பலவாணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சாமி, உச்சி வெயிலுக்கு அந்த மரத்தடிய விட்டா எங்க மாடுகளுக்கு வேற போக்கிடமே இல்ல. நிழல் போச்சுன்னா பால் வத்திரும். பால் வத்துனா எங்க அடுப்பும் அணைஞ்சிரும்."

அம்பலவாணனுக்கு மனசு கேட்கவில்லை. வாயைத் திறந்தாலோ நாடு கடத்திவிடுவார்கள். விழாச் சத்தியத்தை எழுதும் வேலை நல்லவேளையாக அவனிடம்தான் இருந்தது. நாளைக்கு அவளுடைய மாடுகளை எப்போது, எங்கே ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் பந்தக்கால் நடும் முகூர்த்தம். சாஸ்திரத்துக்கு முதல் பூவரசை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அரண்மனை மைதானத்தில் நட்டார்கள். மீதி மரங்களுக்குக் கோடரி அதற்கடுத்த நாள் என்று பேச்சு. நட்ட காலில் கையை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, மகாராஜா முதல் சத்தியம் செய்ய வேண்டும். வித்துவான் ஒவ்வொரு வரியாக ஆனந்தபைரவியில் பாட, மகாராஜா கண்ணை மூடியபடி கூடவே பாடினார்:

"மரத்தை நான் வெட்டினால், அதன் நிழலில் இருந்தோர்க்கு, மறுமரம் வளரும்வரை நானே நிழல் தருவேன்."

பாடி முடித்தபோது அவர் கண்ணில் நீர் தளும்பியது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பிரதானிகூட விசும்பினார்.

சரியாக உச்சிப்பொழுதுக்கு வெள்ளச்சி வந்து சேர்ந்தாள். பின்னால் நான்கு எருமைகள். எருமைகளுக்குச் சபை நாகரிகம் தெரியாது. நேரே போய் மகாராஜாவைச் சுற்றி நின்றுகொண்டன.

இது என்ன கூத்து என்று பிரதானி சீறினார். அம்பலவாணன் பணிவாகக் கைகட்டிச் சொன்னான்:

"மகாராஜா, இந்தக் கால் மரமாக நின்றபோது இவர்கள்தான் அதன் நிழலில் இருந்தவர்கள். நிழல் வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார்கள்."

மகாராஜாவுக்கு முகம் வெளுத்தது. பந்தக்காலில் கைவைத்துச் செய்த சத்தியம், ஊரே சாட்சி. தவறினால் குலத்துக்கே ஆகாது. வேறு வழியில்லாமல் தம்முடைய வெண்கொற்றக்குடையை வாங்கி ஓர் எருமைக்குப் பிடித்தார். இன்னொன்றுக்குப் பிரதானி தன் சரிகை அங்கவஸ்திரத்தை விரித்துப் பிடித்தார். மற்ற இரண்டுக்கும் இரண்டு வித்துவான்கள் வந்தார்கள். எருமைகள் திருப்தியாக அசைபோட்டன. ஒன்று சாணியும் போட்டது.

ஒரு நாழிகை போயிற்று. மகாராஜாவின் கிரீடம் அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. நெற்றி வியர்வை மீசையில் வழிந்தது.

"அம்பலவாணா, மறுமரம் வளர எவ்வளவு காலம் ஆகும்?" என்றார் ஈனசுரத்தில்.

"ஏழெட்டு வருஷம் ஆகும் மகாராஜா. கவலை வேண்டாம், இது ஒரு மரத்து ஆட்கள்தான். மீதி மரத்தடி ஆட்கள் எல்லாரும், வெட்டு முடிந்ததும் நாளைக்கு வருகிறார்கள்."

மகாராஜா எருமையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். குடை பிடித்த தம் கையைப் பார்த்தார். அடக்க முடியாமல் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, எருமைகள்கூட மிரண்டு இரண்டடி தள்ளி நின்றன.

இனி ஒரு மரத்திலும் கோடரி படக்கூடாது என்று அங்கேயே உத்தரவானது. பந்தல் வேண்டாம், ஏரிக்கரைப் பூவரச நிழலிலேயே கச்சேரி. வெட்டிய இடத்தில் பிரதானி தன் கையாலேயே கன்று நட வேண்டும். அது வளரும்வரை நாலு எருமைக்கும் உச்சிவேளையில் மகாராஜா சார்பில் அவர்தான் குடை. வெள்ளச்சி அவருக்குத் தினம் ஒரு சொம்பு மோர் இலவசம் என்றாள். நல்ல மனசு அவளுக்கு.

மகாராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டுக் காதோரம் குனிந்து கடிந்துகொண்டார்.

"ஏனய்யா, இப்படி ஒரு சத்தியத்தை எழுதினவன், முன்கூட்டியே என்னிடம் பாடிக் காட்டியிருக்கக் கூடாதா?"

"நேற்றுச் சாயங்காலம் மூன்று தடவை பாடிக் காட்டினோமே மகாராஜா. தாங்கள் ராகத்தை மட்டும்தானே கேட்டீர்கள்."