இடது காலுக்குக் கிடைத்த வேலை

வால்பாறை எஸ்டேட் முதலாளி சிதம்பரநாதனின் ஜீப்பில் ஆட்டோமேட்டிக் கியரைக் கழற்றிவிட்டு, கையால் போடும் கியரைப் பூட்டிக் கொடுத்தவன் மெக்கானிக் மாசிலாமணி. ஒரே வாரத்தில் முதலாளி ஆட்களோடு வந்து நின்றார்.

"மேடு ஏறினா கிளட்ச் கருகுது. பழைய பிளேட்டைப் போட்டு ஏமாத்திட்டே. என் இடத்துல இருக்கிற பட்டறையை இன்னைக்கே காலி பண்ணுடா!"

"பண்ணிடறேனுங்க. ஒரே ஒரு தடவை, ரெண்டாவது கியர் போட்டதும் இடது காலை சீட்டு மேல மடக்கி வச்சுக்கிட்டு எதிர்ல இருக்கிற அந்த மேட்டை ஏறிக் காட்டுங்க."

அத்தனை பேர் பார்க்க முதலாளி ஏறினார். உச்சிவரை துளி கருகல் நாற்றமில்லை.

"இப்ப மட்டும் ஏன்டா கருகலை?"

மாசிலாமணி சிரிக்கவில்லை. "ஆட்டோமேட்டிக்ல பத்து வருஷம் சும்மா இருந்த காலுங்க. வேலை கிடைச்சதும் கிளட்ச் மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, அது கருகினாலும் இறங்கவே மாட்டேங்குது."

ஆட்களெல்லாம் முதலாளியின் காலையே பார்த்தார்கள். பட்டறைப் பேச்சை அவர் அதோடு விட்டார்.