பேர் எடுத்த மருதப்பன்

ஆனைக்குழியில் காதுகுத்தா, கடைத்திறப்பா, கண்ணீர் அஞ்சலியா, எதுவானாலும் பேனர் போடுவது மருதப்பன்தான். கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவர். அச்சாகி வந்ததை வெட்டுவது பிச்சைக்கனி. ஏணியில் ஏறிக் கட்டுவது இருளப்பன். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

மருதப்பனுக்கு ஒரே ஆசை. ஊரில் எல்லார் பேரையும் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று, தன் பேரை ஒரு தடவையாவது மேடையில், மைக்கில் கேட்டுவிட வேண்டும். மாமனார் இன்னமும் அவரைத் 'தட்டி கட்டுறவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாவட்ட வடிவமைப்பாளர் சங்கம் விருது அறிவித்தது. வடிவமைத்தவர் பெயர் எங்கேயும் தெரியக்கூடாது, அதைத் தனிக் கவரில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும் என்பது விதி. மருதப்பன் ஒரு காதுகுத்து பேனரை விதிப்படியே அனுப்பிவிட்டுச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். அவர் நல்ல மனுஷர்.

"இந்தத் தடவை ஊர் பூரா பேர் எடுத்துரணும்யா" என்று வாழ்த்தினார்.

போனை வைத்த மருதப்பனுக்கு வியர்த்துவிட்டது. "ஊர் பூரா பேரை எடுக்கச் சொல்றாருடா."

"எங்கேயும்னா எங்கேயும்தானே அண்ணே" என்றான் பிச்சைக்கனி. "நாமதான் சரியா படிக்கலை."

ஊரில் ஒவ்வொரு பேனரின் மூலையிலும் 'வடிவமைப்பு: மருதப்பன்' இருந்தது. இருளப்பன் ஏறி ஏறி அவிழ்த்தான், பிச்சைக்கனி வெட்டினான். ஒரு கண்ணீர் அஞ்சலியில் பேரோடு சேர்ந்து இறந்தவரின் காதும் போய்விட்டது. குடும்பத்தார் சண்டைக்கு வந்தார்கள்.

"அவரு இனிமே என்னத்தக் கேட்கப் போறாரு" என்று இருளப்பன் ஆறுதல் சொன்னான்.

கடைப் பலகையிலும் பேரைச் சுரண்டியாயிற்று. வீட்டில் மட்டும் வேலை இல்லை. மருதப்பன் மனைவி பூவாத்தாள் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. விதியை மதிக்கத் தெரிந்த பெண் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

விழா மண்டபத்தில் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். "காதுகுத்து பேனரில் இத்தனை முகங்களுக்கு நடுவே குழந்தையைத் தேட வைத்த துணிச்சலுக்காக, சிறந்த வடிவமைப்பாளர் விருது, ஆனைக்குழி மருதப்பன்!" என்றது மைக்.

மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்தவரின் வேட்டியைப் பிச்சைக்கனி பிடித்து இழுத்தான்.

"உட்காருங்க அண்ணே. நீங்கதான் அவருன்னு தெரிஞ்சா விருது போயிரும்."

"கூப்பிடுறாங்களேடா."

"சோதிக்கிறாங்க" என்றான் இருளப்பன்.

மைக் மறுபடியும் கூப்பிட்டது. கடைசியில் மருதப்பன் தைரியமாக எழுந்து, "அவரு வரலைங்க" என்றார்.

"நீங்க யாரு?"

"அவருக்கு ரொம்ப வேண்டியவன்."

சங்கத் தலைவர் அவரையே மேடைக்கு அழைத்து விருதைக் கையில் கொடுத்தார். "அவர்கிட்ட நேர்ல சேர்த்துரணும். வேற யார்கிட்டயும் கொடுத்துறக் கூடாது."

"என் உசிரு போனாலும் கொடுக்க மாட்டேங்க" என்றார் மருதப்பன்.

பஸ்ஸில் மூவரும் மாறி மாறி விருதை மடியில் வைத்துக் காவல் காத்தார்கள். ஊரில் இறங்கியதும் நேரே கடைக்குப் போனார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது.

"அண்ணன் இன்னும் வரலை போல" என்றான் இருளப்பன்.

மருதப்பன் தன் போனை எடுத்துத் தன் நம்பருக்கே போட்டுப் பார்த்தார். லைன் பிஸி.

"யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருக்காரு" என்றான் பிச்சைக்கனி.

மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. அடிக்கொரு தரம் மருதப்பன் போட்டார். ஒவ்வொரு தரமும் பிஸி. கடைசியில் அவருக்கே பொறுமை போய்விட்டது.

"பொறுப்பில்லாத பயடா" என்றார். "இவனுக்குப் போய் விருது கொடுத்திருக்காங்க பாரு."